மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை என்றால்: மதுரை வட்டாரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பக்கம் வீட்டிலும் கடையிலும் கல்லூரி விடுதியிலும் மடிக்கணினியைப் பயன்படுத்துவோருக்காக எழுதப்பட்டது. சார்ஜ் ஏறாத கணினியைக் கண்டதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுப் பேட்டரிக்குப் பணத்தை எடுத்து வைப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் தொடங்கி, வயர், அடாப்டர், கணினியில் செருகும் 'பின்', கணினியின் உள்ளே இருக்கும் சார்ஜிங் சுற்று, அதை ஆளும் மென்பொருள் ஆகிய அனைத்தையும் கடந்த பிறகே மின்சாரம் பேட்டரியை அடைகிறது என்பதால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முறை கடைசியில்தான் வர வேண்டும். கீழேயுள்ள பதில்களும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே செல்கின்றன.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கணினியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பாயிண்டில் கைபேசி சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வழியாக இணைத்திருந்தால், அதைத் தவிர்த்து நேரடியாகச் சுவரில் செருகிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் உழைத்த ஜங்ஷன் பாக்ஸில் உள்ளிருக்கும் தகடுகள் தளர்ந்துபோய், பிளக்கைப் பிடித்து அசைத்தால் மட்டுமே மின்சாரம் வரும். பிளக்கைச் செருகும்போதெல்லாம் பொறி பறப்பதும், கழற்றும்போது பிளக்கின் கால்கள் சுடுவதும் அதற்கு அடையாளங்கள்.

அடுத்தது, சுவரிலிருந்து அடாப்டர் வரை வரும் தடித்த வயர். பெரும்பாலான அடாப்டர்களில் இது கழற்றி மாட்டக்கூடியது. அடாப்டருக்குள் முழுவதும் புகாமல் பாதியில் நின்றுவிட்டால் வெளியிலிருந்து பார்க்கும்போது செருகியிருப்பதுபோலவே தெரியும். எனவே ஒருமுறை கழற்றி, அழுத்தி மாட்டுங்கள். மூன்று துளையுள்ள இந்த வயர் பல நிறுவனங்களின் அடாப்டர்களுக்கும் பொதுவானது என்பதால், பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மூன்றாவதாக, அடாப்டரிலிருந்து கணினிக்குச் செல்லும் மெல்லிய வயரை முழு நீளத்துக்கும் இரு விரல்களுக்கிடையே வைத்து மெதுவாக நீவிப் பாருங்கள். பின்னுக்கு நான்கு விரற்கடை முன்னால் ஓரிடம் மட்டும் தொளதொளவென்று மடங்கினால், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கின்றன. மேலுறை விரிந்திருந்தால், உள்ளே செம்பு கருத்தோ பச்சை பூத்தோ இருப்பதை வெளிச்சத்தில் காணலாம். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுவது வயரை மறைக்குமே தவிர, அறுந்த இழையை ஒட்டவைக்காது. மீதியிருக்கும் சில இழைகளின் வழியே மூன்று ஆம்பியருக்கு மேல் பாயும்போது அந்த இடம் சூடேறி உருகும். எலி கடித்த வயருக்கும் இதே விதிதான்.

அடாப்டரில் விளக்கு எரிகிறது. ஆனால் பின்னைக் கணினியில் செருகியவுடன் அணைந்துவிடுகிறது. இதற்கு என்ன பொருள்?

இது மிகவும் பயனுள்ள அறிகுறி. கடைக்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியதும் இதுதான். கணினிக்குள் எங்கோ ஷார்ட் ஏற்பட்டிருந்தால், அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்வதற்காக வெளியீட்டை நிறுத்திவிடும். பின்னை உருவியதும் சில நொடிகளில் விளக்கு மீண்டும் எரியும். மற்றொரு வாய்ப்பும் உண்டு. அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருந்தால், சுமை இல்லாதபோது 19 வோல்ட்டைச் சரியாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியவுடன் சரிந்துவிடும். இதனால்தான் மல்டிமீட்டரில் 19 வோல்ட் காட்டியது என்பதை மட்டும் வைத்து அடாப்டருக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. அதே அளவுள்ள வேறொரு நல்ல அடாப்டரைச் செருகும்போதும் விளக்கு அணைந்தால் குறை கணினியில் உள்ளது. அணையாவிட்டால் பழைய அடாப்டரில் உள்ளது.

பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது.

கணினியின் பக்கவாட்டில் பின் நுழையும் ஜாக் தளர்ந்திருக்கிறது. சில கணினிகளில் இந்த ஜாக் சிறு வயருடன் தனியாக இருப்பதால் மாற்றுவது எளிது. சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் வேலை கூடுதல். இரண்டில் எதுவாயினும் உடனே சரிசெய்வது நல்லது. புத்தகத்தை முட்டுக்கொடுத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் காலத்தை ஓட்டினால், விட்டுவிட்டு வரும் தொடர்பில் உண்டாகும் பொறி ஜாக்கின் உட்புறத்தைக் கருக்கி, பிறகு மதர்போர்டையும் தொட்டுவிடும்.

திரையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. 60 அல்லது 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறவே இல்லை. பேட்டரி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, பேட்டரியைக் காப்பதற்காக வைத்த வரம்பு அது. லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் நீண்ட நேரம் நின்றால் விரைவாக முதுமையடையும் என்பதால், ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் சார்ஜை ஓர் அளவில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. லெனோவாவில் இது வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோட் என்ற பெயரில் இருக்கும். ஏசூஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்றும், ஹெச்.பி.யில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்றும் இருக்கும். டெல்லில் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலேயே பேட்டரிப் பகுதியில் இதைக் காணலாம். ஆப்பிள் கணினிகளில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் என்ற பெயரில், நீங்கள் எப்போது வயரைக் கழற்றுவீர்கள் என்பதைக் கவனித்து, 80 விழுக்காட்டில் தானே காத்திருக்கும்.

கணினி வாங்கிய கடையில் யாரோ, அல்லது வீட்டில் யாரோ, இதை இயக்கியிருக்கலாம்; செயலியைப் புதுப்பிக்கும்போது திரையில் வந்த கேள்விக்குப் படிக்காமலே 'ஓகே' அழுத்தியிருக்கலாம். நாள் முழுவதும் மேசையில் வயரோடு இருக்கும் கணினி என்றால், இதை அணைக்காமல் விட்டுவிடுவதே என் பரிந்துரை. ராமேஸ்வரம் வரை ரயிலில் வேலை பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற நாளில் மட்டும், முதல் நாள் இரவு வரம்பை எடுத்துவிட்டு முழுமையாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. 96, 97 விழுக்காட்டில் இருக்கும்போது வயரைச் செருகினால், பல கணினிகள் சார்ஜைத் தொடங்கவே மாட்டா. ஓரிரண்டு விழுக்காட்டுக்காக அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டாம் என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 90-க்குக் கீழே இறங்கிய பிறகு செருகிப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் மதியம் மட்டும் சார்ஜ் ஏறாமல் நிற்கிறது. மாலையில் தானாகச் சரியாகிவிடுகிறது. ஏன்?

வெயில்தான் காரணம். மதுரையில் கோடைப் பகலில் 40 டிகிரி செல்சியஸ் என்பது புதிய செய்தி அல்ல. லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாக வகுத்திருக்கும் வெப்ப எல்லை 0 முதல் 45 டிகிரி வரை. இது அறையின் வெப்பம் அல்ல, பேட்டரியின் வெப்பம். அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, பிராசசரின் சூடும் சார்ஜ் ஏறுவதால் உண்டாகும் சூடும் சேர்ந்து பேட்டரியை 45-க்கு மேல் தள்ள அதிக நேரம் ஆகாது. பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரி இதைக் கவனித்து, சார்ஜைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். வயர் வழியே வரும் மின்சாரத்தில் கணினி இயங்கிக்கொண்டிருக்கும், விழுக்காடு மட்டும் நகராது.

ஒத்தக்கடைப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே டி.டி.பி. கடை வைத்திருப்பவர் ஒருவர், "காலையில நல்லா ஏறுதுண்ணே, மத்தியானமானா அப்படியே நின்னுபோகுது" என்றார். அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. கணினியை மேசையில் சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால், பின்புறத்தில் சூடான காற்று வெளியேறும் துளைகள் அடைபட்டிருந்தன. கணினியை முன்னே நகர்த்தி, அடியில் காற்றுப் புகுமாறு பின்விளிம்பைச் சற்று உயர்த்தி வைத்து, உள்ளே ஃபேனில் படிந்திருந்த தூசியைச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்தது. ஃபேனின் இறக்கைகளுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டுபோலத் திரண்டு கிடக்கும் தூசியை ஊதி எடுத்துவிட முடியாது. கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றின் மேல் வைத்துச் சார்ஜ் போடுவதைக் கோடையிலாவது தவிர்க்க வேண்டும். மாட்டுத்தாவணியிலோ பெரியாரிலோ பேருந்து நிலைய வாசலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கணினியை விட்டுச் செல்வது அதைவிடக் கேடு. மூடிய காரின் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும், அந்தச் சூட்டில் முழு சார்ஜோடு கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவை நிரந்தரமாக இழக்கும். வெயிலில் வந்த கணினியை ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரமாவது ஆறவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் பூத்து, இல்லாத பிரச்சினை உருவாகும்.

அடாப்டர் கெட்டுவிட்டது. பின் பொருந்தினால் வேறு அடாப்டரைப் போடலாமா?

பின் பொருந்துவது மட்டும் போதாது. அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் மூன்று செய்திகளைப் படியுங்கள். முதலாவது வெளியீட்டு வோல்ட். 19, 19.5, 20 ஆகியவை வழக்கமான அளவுகள், உங்கள் கணினி கேட்கும் வோல்ட்டே இருக்க வேண்டும். இரண்டாவது ஆம்பியர். இது கணினி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்; 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டர் கணினியைச் சுட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்று காட்டும் சிறு வட்டப் படம்.

65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் அடாப்டரைப் போட்டால், அணைத்து வைத்திருக்கும்போது ஏறும். வீடியோ ஓடும்போது ஏறாது. விளையாட்டு ஓடினால் வயரைச் செருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்கவும் செய்யும்.

இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. டெல், ஹெச்.பி. நிறுவனங்களின் உருளை வடிவப் பின்னுக்குள் பார்த்தால், நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று கணினியிடம் சொல்வதே அதன் வேலை. அந்த ஊசி வளைந்தாலும், அதற்குரிய மெல்லிய வயர் அறுந்தாலும், டெல் கணினி இயங்கும்போதே அடாப்டரின் வகையை அறிய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க மறுத்துவிடும். அடாப்டரும் நல்லது, பேட்டரியும் நல்லது, ஆனாலும் சார்ஜ் ஏறாது. மலிவான போலி அடாப்டர்களில் இந்த அடையாளச் சுற்று சரியாக இல்லாததாலும் இதே எச்சரிக்கை வரும்.

டவுன்ஹால் ரோட்டிலோ வேறெங்கோ புதிய அடாப்டர் வாங்கும்போது, பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு எட்டு இலக்கங்கள் இருக்கும். மின்னணுப் பொருள்களுக்கான 2021-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையின்கீழ் அடாப்டருக்கு இது கட்டாயம். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் இட்டால், பதிவு எந்த நிறுவனத்துடையது என்பது தெரிந்துவிடும். கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

டைப்-சி முனையில் கைபேசி சார்ஜரைச் செருகினால் ஏறுமா?

செருகினால் கெடுதல் நேராது. ஏறுமா என்பது வேறு. டைப்-சி வழியே சார்ஜ் ஆகும் மடிக்கணினிகள் பவர் டெலிவரி என்ற முறையில் சார்ஜரோடு பேசி, பெரும்பாலும் 20 வோல்ட்டைக் கேட்கின்றன. 5 அல்லது 9 வோல்ட்டோடு நின்றுவிடும் கைபேசி சார்ஜரைச் சில கணினிகள் ஏற்றுக்கொண்டு மிக மெதுவாக ஏறும். பல கணினிகள் மதிக்கவே மாட்டா. பெட்டியில் பெரிய வாட் எண் அச்சிட்டிருக்கும் சில கைபேசி சார்ஜர்கள், தம் நிறுவனத்துக் கைபேசிக்கு மட்டுமே அந்த வேகத்தைக் கொடுப்பவை. மடிக்கணினிக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

கேபிளையும் பார்க்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று குறித்த, உள்ளே அடையாளச் சில்லு வைத்த கேபிள் தேவை. மேலும், எல்லா டைப்-சி துளையும் சார்ஜ் வாங்குவதில்லை. சில கணினிகளில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமானது.

கேபிள் முழுவதும் நுழையாமல் தளர்ந்து நின்றால், துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். கணினியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசியோ ஹேர்பின்னோ கூடாது.

எங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவு. அதனால் சார்ஜ் ஏறாமல் போகுமா?

மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் மோட்டார்கள் பல ஓடும்போது ஃபேன் சோம்பிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் அடாப்டரின் உள்ளீட்டுப் பகுதியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். 230 வரவேண்டிய இடத்தில் 160 வந்தாலும், ஃபேன் திணறுமே தவிர, அடாப்டர் தன் 19 வோல்ட்டைக் குறையாமல் கொடுக்கும்.

ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. மும்முனை மின்தடத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒருமுனை இணைப்புள்ள வீடுகளுக்கு 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கும் வந்துவிடக்கூடும். வீட்டில் விளக்குகள் திடீரெனக் கண்கூசும்படி எரிந்தாலோ, மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில கண்கூசும்படியும் சில மங்கலாகவும் எரிந்தாலோ இதுதான் நடக்கிறது. அடாப்டரை மட்டுமன்றி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பிளக்கை உருவிவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் ஆன பிறகு செருகுவது நல்ல பழக்கம். ஐப்பசியில் இடி மின்னலோடு மழை வரும் மாலையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவ வேண்டும்.

இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, சைன் வேவ் வகை என்றால் கவலையில்லை. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அடாப்டர் மெல்லிய ரீங்காரம் எழுப்பும், சற்றுக் கூடுதலாகச் சூடேறும். 65 வாட் அடாப்டர்கள் பொதுவாக இதைத் தாங்கிக்கொள்ளும். 75 வாட்டுக்கு மேற்பட்ட பெரிய அடாப்டர்களில் இருக்கும் மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்றுக்கு அந்த அலைவடிவம் ஒத்துவராமல் போகலாம். கேமிங் கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் சுரீரென்கிறது.

அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் உங்கள் கைவழியே இறங்குகிறது. மூன்று கால் பிளக்கை இரண்டு கால் கன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சரியான பாயிண்டில் போட்டும் சுரீரென்றால் வீட்டு எர்த்தையே எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். கோடையில் எர்த் குழி வறண்டுபோய்ப் பயனற்றுக் கிடப்பது நம் மண்ணில் அடிக்கடி நடப்பது. தண்ணீர் ஊற்றிவந்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். பலமான அதிர்ச்சி என்றால் அது கசிவு அல்ல, அடாப்டரே பழுது, பயன்படுத்தவே கூடாது.

வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகும் முன் நாமே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. கணினியை முழுமையாக அணைத்து, வயரை உருவி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜிங்கை ஆளும் சிறு கன்ட்ரோலர் சில்லு குழம்பிக் கிடந்தால், மிச்ச மின்சாரம் வடிந்து, புதிதாகத் தொடங்கும். சில லெனோவா கணினிகளின் அடிப்புறத்தில் இதற்கென்றே ஊசி நுழையும் அளவுக்குச் சிறு துளை வைத்திருக்கிறார்கள். பிறகு முதலில் அடாப்டரை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள்.

அதற்கும் ஏறவில்லை என்றால், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பேட்டரீஸ் என்ற பிரிவில் ஏ.சி.பி.ஐ. என்ற சொல்லுடன் இருக்கும் பேட்டரி இயக்கியை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸ் அதைத் தானே திரும்ப நிறுவிக்கொள்ளும். பயாஸைப் புதுப்பிப்பதும் சில நேரம் உதவும். ஆனால் பேட்டரியும் ஏறாமல், அடாப்டரும் விட்டுவிட்டு வரும் நிலையில் பயாஸைத் தொடாதீர்கள். பாதியில் மின்சாரம் நின்றால் கணினியே எழாது.

பேட்டரி உண்மையில் தேய்ந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு இட்டு, பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் சேர்த்தெழுதி, என்டரை அழுத்துங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் திரையில் வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்று கொள்ளும் அளவு. முதலாவது 42,000 என்றும் இரண்டாவது 31,500 என்றும் இருந்தால், 75 விழுக்காடு மீதமிருக்கிறது என்று பொருள். ஆப்பிள் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியிலேயே இது தெரியும். லினக்ஸில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலி காட்டும்.

சாதாரண மடிக்கணினிப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு இறங்கும். இரண்டு நாள் பாதி பாதியாகப் பயன்படுத்தினால் அது ஒரே சுற்றாகத்தான் கணக்காகும். 60 விழுக்காடு மீதமிருந்து, உங்கள் வேலைக்கு அது போதும் என்றால், மாற்ற வேண்டியதில்லை. பாதிக்கும் கீழே போய், கூடவே கீழே சொல்லும் அறிகுறியும் இருந்தால் மாற்றுங்கள்.

35 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடுகிறது.

பேட்டரிக்குள் செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 4.2 வோல்ட் காட்டும். மூன்று செல் வரிசை என்றால் 12.6. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்திருந்தால், மற்றவை தெம்பாக இருக்கும்போதே அது தரைதட்டிவிடும். பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஒருமுறை முழுவதும் ஏற்றி, தானாக அணையும்வரை இறக்கி, மீண்டும் முழுவதும் ஏற்றினால், கணக்கு மட்டும் பிசகியிருந்த பேட்டரி சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் செல் போய்விட்டது. இந்த முழு இறக்கத்தை மாதந்தோறும் செய்யச் சொல்லும் அறிவுரை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தது. லித்தியத்துக்கு அது தேய்மானமே.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று பீரோவில் கிடக்கிறது. சார்ஜ் ஏறுவதே இல்லை. உயிர்ப்பிக்க முடியுமா?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. நீண்ட நாள் சும்மா கிடந்த பேட்டரி தானாகவே வடிந்து, செல்லின் வோல்ட் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போயிருக்கும். நல்ல அடாப்டரில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போட்டுவையுங்கள். சில நேரம் மிக மெதுவான முன்சார்ஜ் ஓடி, பிறகு எழுந்துவிடும். எழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். மிகவும் வடிந்த செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கலாம். அது சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும்.

அடிப்புறத்தில் கொக்கியை நகர்த்திக் கழற்றும் வகைப் பேட்டரி என்றால், அதை எடுத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாம். பிள்ளைகள் தட்டச்சுப் பழக அது போதும். மின்சாரம் போனால் கணினியும் அணையும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, கணினி மேசையில் ஆடுகிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமை வேண்டாம். உடனே அணைத்து, வயரை உருவுங்கள். மூடியை அழுத்தி மூடாதீர்கள். உள்ளே சேர்ந்திருப்பது வாயு என்பதால் ஊசியால் குத்தி வெளியேற்றலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளிருக்கும் திரவமும் வாயுவும் தீப்பற்றக்கூடியவை. துணி, காகிதம், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கொண்டுபோங்கள். புகை வந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி, 101-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சுத்தன்மை உடையது.

புதுப் பேட்டரி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்கிறார்களே?

கணினியின் மாடல் எண்ணைவிட, பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பாக எண்ணே முக்கியம். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேட்டரிகள் வந்திருக்கக்கூடும். வோல்ட்டும் வாட்-அவரும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். அதே உருவத்தில் இருமடங்கு கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தால், அச்சிட்டவரின் துணிச்சலை மெச்சிவிட்டு வந்துவிடலாம். பேட்டரிக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம் என்பதால் எண்ணைச் சரிபாருங்கள். கடையில் மாட்டியவுடன் மேலே சொன்ன பேட்டரி அறிக்கையை அங்கேயே எடுத்துப் பாருங்கள். சுற்று எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

செல் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்களைப் புது உறை போட்டுக் கட்டித் தருவது நடக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தாத செல்களைச் சேர்த்தால், ஒன்று மட்டும் முந்தித் தேயும் நோயைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். நம்புவதா?

மதர்போர்டு என்றாலே முழுப் பலகையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. சார்ஜிங் பகுதியில் ஃபியூஸ், மாஸ்ஃபெட், சார்ஜிங் ஐ.சி. ஆகிய சிறு பாகங்களில் ஒன்று கெட்டிருந்தால், சிப் லெவல் வேலை தெரிந்தவர் அதை மட்டும் மாற்றிவிடுவார். எந்தப் பாகம் என்று கேளுங்கள். மாற்றியதைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேறு அடாப்டரையும் வேறு பேட்டரியையும் போட்டுப் பார்க்காமலேயே மதர்போர்டு என்று சொன்னால், இன்னொரு கடையில் காட்டுங்கள். கணினி வாரண்டியில் இருந்தால் வெளியில் திறக்கவே விடாதீர்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். எடைக்குப் போட்டால், பழைய இரும்புக் கடையில் சுத்தியலால் உடைப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எனவே புதியது வாங்கும் கடையிலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ பழையதைக் கொடுங்கள். கொடுக்கும்வரை, உலோக முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவிக்கொத்து, சில்லறை ஆகியவை படாமல் தனி அட்டைப்பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள்.